சுவரைக் கழற்றிய ஃபயர்வால்

2003 பிப்ரவரி 15 அன்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மானுவல் காஸ்பர், தான் எழுதிய ஃபயர்வால் மென்பொருள் ஒன்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். பெயர் மோனோவால். அது ஓட வேண்டிய கருவிகளில் ஒன்று, கலிஃபோர்னியாவின் சோக்ரிஸ் நிறுவனம் தயாரித்த நெட்4501 என்ற சிறிய மதர்போர்டு. 133 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 64 எம்பி நினைவகம், மூன்று நெட்வொர்க் போர்ட்டுகள். மின்விசிறி இல்லை, ஹார்டு டிஸ்க் இல்லை, மானிட்டர் மாட்ட வழியும் இல்லை. அதே காலத்தில் கடையில் விற்ற மேசைக் கணினியின் கடிகார வேகம் இதைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல்.

அதுவரை இலவச ஃபயர்வால் என்றால், பெரும்பாலும் பழைய கணினி ஒன்றில் லினக்ஸையோ ஃப்ரீபிஎஸ்டியையோ நிறுவி, பத்துப் பன்னிரண்டு கோப்புகளைக் கையால் திருத்த வேண்டும். காஸ்பர் ஃப்ரீபிஎஸ்டியை எடுத்து, தேவையில்லாததையெல்லாம் வெட்டி எறிந்தார். மிஞ்சியது 12 எம்பிக்கும் குறைவு. எல்லா அமைப்புகளையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் அடக்கினார். அந்தக் கோப்பைத் திருத்த உலாவியில் திறக்கும் ஒரு பக்கம் போதும். கருவி கெட்டால் புதிய போர்டில் அதே கோப்பை ஏற்றினால் பழைய கருவி அப்படியே திரும்பி வந்துவிடும். வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியிலேயே கணினி துவங்கும் வேலையையும் செய்ய வைத்தது அன்றைக்குப் புதுமை.

சீக்கிரமே ஒரு வேடிக்கை நடந்தது. ஃபயர்வாலாகப் பிறந்த இந்த மென்பொருளை, ஃபயர்வால் வேலையே இல்லாத இடங்களுக்கு மக்கள் எடுத்துப் போனார்கள். 2005-ல் பிரான்ஸின் ஒலிவியே கொஷார்-லாபே, மோனோவாலிலிருந்து பாக்கெட் வடிகட்டியை எடுத்துவிட்டுக் கோப்புகளைப் பகிரும் வசதியைச் சேர்த்தார். அதுதான் ஃப்ரீநாஸ், வீட்டிலும் அலுவலகத்திலும் கோப்புகளைச் சேமிக்கும் சர்வர். மைக்கேல் ஈடெமா அதே மோனோவாலைத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சாக மாற்றினார். அதற்கு அஸ்கோசியா என்று பெயர். மோனோவாலில் பாதுகாப்பு ஒரு பகுதிதான். மீதி, கவனிக்க ஆள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தானே ஓடும் சின்னஞ்சிறு சர்வருக்கான கட்டமைப்பு.

இந்த உருமாற்றங்களில் மிக எளியது ஒன்று உண்டு. அதற்குப் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், சிலவற்றை அணைத்தால் போதும். அப்படி அணைத்தபின் கையில் இருப்பது, சில வாட் மின்சாரத்தில் ஓடும் நேம் சர்வர்.

34 பைட் கேள்வி

இணையத்தின் தொடக்க காலத்தில் பெயர்களுக்கு ஒரே ஒரு கோப்புதான் இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. எந்தக் கணினிக்கு எந்த எண் முகவரி என்பதை எல்லோரும் அங்கிருந்து நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இந்த வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை வகுத்தார். அதுவே டிஎன்எஸ். 1987-ல் திருத்தப்பட்ட அதன் விதிகள்தான் இன்றைக்கும் அடித்தளம்.

தமிழ் விக்கிப்பீடியாவை ஒருவர் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'டிஏ.விக்கிப்பீடியா.ஆர்க்' என்ற பெயருக்கு உரிய எண் அவருடைய கணினிக்குத் தெரியாது. எனவே நேம் சர்வரைக் கேட்கிறது. நேம் சர்வருக்கும் தெரியாவிட்டால் அது ரூட் சர்வர்களில் ஒன்றிடம் போகிறது. ரூட் சர்வர் விடையைச் சொல்லாது. 'ஆர்க்' பெயர்களைக் கவனிக்கும் சர்வர்கள் இன்னின்ன என்று கைகாட்டும். அங்கே போனால், விக்கிப்பீடியாவின் சொந்த நேம் சர்வர்கள் இன்னின்ன என்று கைகாட்டுவார்கள். மூன்றாவது இடத்தில்தான் விடை கிடைக்கும். பெரிய அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக அலைந்தவர்களுக்கு இது பழகிய முறைதான். வாசலில் "ரெண்டாவது மாடில கேளுங்க" என்பார்கள், இரண்டாவது மாடியில் "அந்தக் கடைசி சீட்டைப் பாருங்க" என்பார்கள்.

ரூட் சர்வர்களுக்கு 'ஏ' முதல் 'எம்' வரை 13 பெயர்கள். பெயர்தான் 13. அவற்றின் படிகள் ஆயிரத்துக்கும் மேல் உலகமெங்கும் நிற்கின்றன, சென்னையிலும் மும்பையிலும்கூட. ரூட் பட்டியலில் 'காம்', 'ஆர்க்' போன்றவற்றோடு தமிழ் எழுத்திலேயே 'இந்தியா', 'இலங்கை', 'சிங்கப்பூர்' ஆகிய மூன்று பெயர்களும் இருக்கின்றன.

இவ்வளவு அலைச்சலுக்கும் அனுப்பப்படும் கேள்வி எவ்வளவு பெரியது? எண்ணிப் பார்க்கலாம். எந்த டிஎன்எஸ் கேள்விக்கும் தலைப்பகுதி 12 பைட். விக்கிப்பீடியாவின் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் அனுப்ப 18 பைட். என்ன வகை விவரம் வேண்டும் என்பதைச் சொல்ல இன்னும் 4. மொத்தம் 34 பைட். அதன்மேல் ஏறும் யுடிபி, ஐபி உறைகளுக்கு 28 பைட். ஆக, ஒரு முழுக் கேள்வி 62 பைட்டில் முடிந்துவிடும். 133 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் வீட்டுக் கேள்விகளுக்கு அசராமல் பதில் சொல்வதற்குக் காரணம் இதுதான். நேம் சர்வர் கணக்குப் போடும் நேரம் கொஞ்சம். பதில் வரும்வரை காத்திருக்கும் நேரமே அதிகம்.

மறதிக்கும் ஒரு கெடு

ஒருமுறை அலைந்து பெற்ற விடையை நேம் சர்வர் தூக்கி எறிவதில்லை. நினைவில் வைத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர்தான் கேஷ். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை விடையோடு சேர்த்தே பெயரின் உரிமையாளர் அனுப்பிவிடுகிறார். விநாடிக் கணக்கில் வரும் அந்த எண்தான் விடையின் ஆயுள்.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். ஃப்ரீபிஎஸ்டியில் 'ட்ரில்' என்ற சிறு கருவி இருக்கிறது. பெயர் ஒன்றை அதில் கேட்டால், விடையோடு ஆயுளும் எடுத்துக்கொண்ட நேரமும் திரையில் வரும். முதல் தடவை ஆயுள் 300 என்றும் நேரம் பத்துக்கணக்கான மில்லிவிநாடி என்றும் இருக்கும். பன்னிரண்டு விநாடி கழித்து அதே பெயரைக் கேட்டால் ஆயுள் 288 ஆகியிருக்கும், நேரம் 0 என்று வரும். ஆயுள் குறைந்திருந்தால் விடை கேஷிலிருந்து வந்தது என்று பொருள். பூஜ்யத்தைத் தொட்டதும் அந்த விடை செல்லாது, மறுபடி வெளியே போய்க் கேட்க வேண்டும்.

கைகாட்டும் விவரங்களின் ஆயுள் நீளம். 'ஆர்க்' பெயர்களை யார் கவனிக்கிறார்கள் என்று ரூட் சர்வர் சொல்லும் பதிலுக்கு 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள். கடைசி விடையின் ஆயுள்தான் பல தளங்களில் மிகக் குறைவு, 300 விநாடி, 60 விநாடி என்று. சர்வர்களுக்கிடையே கூட்டத்தைப் பிரித்துவிட நினைக்கும் பெரிய தளங்கள் வேண்டுமென்றே இப்படி வைக்கின்றன.

அப்படியானால் கேஷ் வைப்பதில் பயன் குறைந்துவிடாதா? இந்தக் கேள்வியை எம்ஐடியில் ஜயோன் ஜங், எமில் சிட், ஹரி பாலகிருஷ்ணன், ராபர்ட் மோரிஸ் ஆகிய நால்வர் ஆராய்ந்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டனர். பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் படித்தவர். எம்ஐடியிலும் கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்திலும் உண்மையில் ஓடிய டிஎன்எஸ் போக்குவரத்தைப் பதிவுசெய்து ஆராய்ந்ததில், கடைசி விடையின் ஆயுளைச் சில நூறு விநாடிகளாகக் குறைத்தாலும் கேஷின் பயன் பெரிதாகக் குறைவதில்லை என்று தெரிந்தது. ஒரு பெயரைக் கேட்கிறவர் பெரும்பாலும் அடுத்த சில நிமிடங்களிலேயே மீண்டும் கேட்டுவிடுகிறார். ரூட் சர்வர்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவது, நீண்ட ஆயுளோடு வரும் கைகாட்டும் விவரங்கள்தான்.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு சின்னப் பெட்டிகளுக்குச் சாதகமானது. ஒரு கேஷைப் பத்து இருபது கணினிகள் பகிர்ந்துகொண்டால் கிடைக்க வேண்டிய பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. அதற்குமேல் ஆயிரம் கணினிகளைச் சேர்த்தாலும் லாபம் கொஞ்சம்தான். எல்லோரும் கேட்கும் பிரபலப் பெயர்கள் சிலவே, அவை முதல் இருபது பேரிலேயே கேஷுக்குள் வந்துவிடும். மற்ற பெயர்களை ஆளுக்கொன்றாகக் கேட்கிறார்கள், அவற்றை எவ்வளவு பெரிய கேஷும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. ஆகவே சிறிய அலுவலகம் ஒன்றின் மூலையில் இருக்கும் சின்னப் பெட்டி, பெரிய நிறுவனத்தின் சர்வரோடு ஒப்பிடும்போது பெரிதாக எதையும் இழப்பதில்லை.

மின்சாரக் கணக்கு

நேம் சர்வர் தூங்கக்கூடாது. நள்ளிரவில் ஒரு கைபேசி செய்தியைச் சரிபார்க்க விழித்தாலும் முதலில் தேவைப்படுவது அதுதான். ஆண்டு முழுக்க 8,760 மணி நேரம் ஓடும் கருவியில் ஒவ்வொரு வாட்டும் கணக்குக்கு வரும். மூலையில் கிடந்த பழைய மேசைக் கணினியை இதற்கு வைத்து அது 60 வாட் இழுத்தால், ஆண்டுக்கு 525 யூனிட்டுக்கு மேல். 5 வாட் கருவியானால் 44 யூனிட்டுக்கும் கீழ்.

அந்த 5 வாட் கருவிகளில் பலருக்குப் பிடித்தவை சுவிட்சர்லாந்தின் பிசி என்ஜின்ஸ் நிறுவனம் செய்தவை. முதலில் ராப் என்ற போர்டு, 266 மெகாஹெர்ட்ஸ். பின்பு அலிக்ஸ், 500 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி நினைவகம். இரண்டிலும் மின்விசிறி இல்லை. வெப்பத்தைப் பெட்டியே வெளியே விட்டுவிடும். அலிக்ஸ் போர்டுக்கு 7 முதல் 20 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஏற்கும் என்பதால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராகவே ஓட்டலாம்.

மோனோவால் இத்தகைய போர்டுகளுக்குப் பொருந்தியதற்கு இன்னொரு காரணம் உண்டு. துவங்கும்போது ஃபிளாஷ் கார்டிலிருந்து எல்லாவற்றையும் நினைவகத்துக்கு ஏற்றிக்கொண்டு, அதன்பின் கார்டில் எழுதுவதையே நிறுத்திவிடும். அமைப்பை மாற்றும்போது மட்டும் அந்த எக்ஸ்எம்எல் கோப்பு எழுதப்படும். ஃபிளாஷ் கார்டில் எழுதும் தடவைகளுக்கு எல்லை உண்டு என்பதால் இது கார்டின் ஆயுளை நீட்டியது. சட்டென்று கரண்ட் போனாலும் கெட்டுப்போகும் கோப்பு எதுவும் இல்லை. கரண்ட் வந்ததும் ஒரு நிமிடத்துக்குள் பெட்டி மறுபடி பதில் சொல்லத் தொடங்கும். இழப்பது கேஷை மட்டும். அதுவும் பயனர்கள் கேட்கக் கேட்கத் தானே நிரம்பிவிடும்.

விசாரிப்பவரும் தேடிப் போகிறவரும்

மோனோவாலுக்குள் பெயர் வேலையைப் பார்த்தது டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருள், பிரிட்டனின் சைமன் கெல்லி எழுதியது. உலகெங்கும் வீட்டு ரவுட்டர்களுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவது பெரும்பாலும் இதுதான். டிஎன்எஸ்மாஸ்க் தானாக ரூட் சர்வர் வரை போகாது. இணைய நிறுவனத்தின் சர்வர் போன்ற வேறொரு நேம் சர்வரை விசாரித்து, வந்த விடையைக் கேஷில் வைத்துக்கொள்ளும். அதற்கு ஃபார்வர்டர் என்று பெயர். தனியாக எதுவும் சொல்லாவிட்டால் அது 150 பெயர்களைத்தான் நினைவில் வைக்கும். எண்ணை உயர்த்துவது ஒரு வரி வேலை.

2004-ல் கிறிஸ் பியூக்லரும் ஸ்காட் உல்ரிச்சும் மோனோவாலிலிருந்து பிரிந்து பிஎஃப்சென்ஸைத் தொடங்கினார்கள். அதில் 2015 ஜனவரியில் வந்த 2.2 பதிப்பு முதல் புதிய நிறுவல்களில் அன்பவுண்டு வழக்கமான நேம் சர்வராயிற்று. நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் எழுதிய அன்பவுண்டு இன்னொருவரை விசாரிப்பதில்லை. ரூட் முதல் கடைசி சர்வர் வரை தானே தேடிப் போகும். வந்த விடையில், அது போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையெழுத்து இருந்தால் அதையும் சரிபார்க்கும்.

இரண்டுக்கும் லாப நஷ்டம் உண்டு. ஃபார்வர்டருக்கு நினைவகம் குறைவாகப் போதும். மேலே இருக்கும் பெரிய சர்வரின் கேஷும் உதவும். ஆனால் வீட்டில் கேட்கும் ஒவ்வொரு பெயரும் அந்த ஒரே சர்வரின் கண்ணில் படும். தானே தேடிப் போகும் சர்வருக்கு முதல் கேள்வியில் தாமதம் அதிகம், பார்வையோ பலரிடம் சிதறிவிடுகிறது. அன்பவுண்டில் தாமதத்தைக் குறைக்க ஒரு தந்திரம் இருக்கிறது. ஆயுளில் கடைசிப் பத்து சதவீதம் மிஞ்சியிருக்கும்போது யாராவது அந்தப் பெயரைக் கேட்டால், இருக்கும் விடையைக் கொடுத்துவிட்டுப் பின்னணியில் புதிய விடையை வரவழைத்துவிடும். அடிக்கடி கேட்கும் பெயர்கள் காலாவதியே ஆவதில்லை. விலை, சுமார் பத்து சதவீதம் கூடுதல் போக்குவரத்து.

எதை அணைப்பது, எதை விடுவது

பிஎஃப்சென்ஸின் அச்சுக் கையேடு 2009-லேயே ஃபயர்வால் அல்லாத பயன்களைப் பட்டியலிட்டது. டிஎன்எஸ் சர்வர் அதில் ஒன்று. செய்முறை நேரானது. பெட்டிக்கு ஒரே ஒரு கேபிள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்ற இரட்டை வாசல் வேண்டாம். அதற்கு மாறாத ஒரு ஐபி முகவரி. முகவரி வழங்கும் வேலையை வீட்டு ரவுட்டரே செய்யட்டும், ஆனால் அந்த ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் சொல்லும் நேம் சர்வர் முகவரி இந்தப் பெட்டியுடையதாக இருக்க வேண்டும்.

அடுத்து மேம்பட்ட அமைப்புகளில் ஒரு கட்டம் இருக்கிறது. பாக்கெட் வடிகட்டலை முழுவதுமாக நிறுத்து என்று பொருள்படும் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் ஃபயர்வாலின் சுவர் விழுந்துவிடும். முகவரி மாற்றும் வேலையும் அதோடு நிற்கும். மிஞ்சுவது, நல்ல வலைப்பக்கம் ஒன்றைக் கொண்ட ஃப்ரீபிஎஸ்டி நேம் சர்வர்.

சுவரை இடிப்பதில் ஒரு நியாயம் உண்டு. பிஎஃப்சென்ஸின் வடிகட்டியான பிஎஃப், கடந்து போகும் ஒவ்வொரு உரையாடலையும் ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பிஎஃப்பில் அந்த அட்டவணையின் வழக்கமான எல்லை பல ஆண்டுகள் 10,000 வரிகளாக இருந்தது. யுடிபி உரையாடலுக்கு முடிவு என்று தனியாக அறிவிப்பு எதுவும் இல்லாததால், பதில் வந்துவிட்ட பிறகும் அந்த வரி 60 விநாடி நிற்கும். விநாடிக்கு 167 கேள்வி வந்தால் ஒரே நிமிடத்தில் அட்டவணை நிரம்பிவிடும். வீட்டில் இது நடக்காது. ஒரு விடுதியிலோ கல்லூரியிலோ நடக்கலாம். அட்டவணை நிரம்பினால் புதிய கேள்விகள் கீழே விழும். பிராசசர் சும்மா இருக்க, இணையம் மட்டும் திக்கித் திக்கி வரும் விநோதம் அப்போதுதான் வரும்.

சுவரை விட்டுவைப்பதிலும் நியாயம் உண்டு. 2013 மார்ச்சில், குப்பை மின்னஞ்சல்களைத் தடுக்க உதவும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் மீது நடந்த தாக்குதலில் விநாடிக்கு 300 கிகாபிட் வரை போக்குவரத்து பாய்ந்ததாகச் செய்தி வந்தது. தாக்கியவர்களிடம் அவ்வளவு இணைப்பு இருக்கத் தேவையில்லை. யார் கேட்டாலும் பதில் சொல்லும் நேம் சர்வர்கள் உலகில் ஏராளமாகத் திறந்து கிடந்தன. அவற்றிடம் ஸ்பாம்ஹவுஸின் முகவரியைத் திருட்டுத்தனமாக இட்டு ஒரு சின்னக் கேள்வி அனுப்பினால், பல மடங்கு பெரிய விடை பாதிக்கப்பட்டவரின் வாசலில் போய்க் கொட்டும். அதனால்தான் அன்பவுண்டு, தனியாக அனுமதிக்காவிட்டால் தன் சொந்தக் கணினியைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்வதில்லை. உள் நெட்வொர்க்கின் முகவரி வரம்பை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்ப்பது முதல் வேலை. வடிகட்டியை முழுக்க அணைக்காமல், உள்ளேயிருந்து 53-ஆம் போர்ட்டுக்கு வரும் கேள்விகளையும் நிர்வாகப் பக்கத்தையும் மட்டும் அனுமதித்து, கேள்விகளை அட்டவணையில் குறிக்காதே என்று விதி எழுதுவது நடுவழி.

53-ஆம் போர்ட்டில் யுடிபியை மட்டும் திறந்து டிசிபியை மறப்பது பழைய தவறு. விடை பெரிதாகிப் பாக்கெட்டில் அடங்காதபோது டிஎன்எஸ் டிசிபிக்கு மாறும். டிஎன்எஸ் 512 பைட்டைத் தாண்டாது என்ற பழைய நம்பிக்கையில் பெரிய விடைகளை மறித்த ஃபயர்வால்கள் பல ஆண்டுகள் தொல்லை கொடுத்தன. 2019 பிப்ரவரி 1 அன்று முக்கிய நேம் சர்வர் மென்பொருள்கள், விதியை மீறும் சர்வர்களுக்காகச் செய்துவந்த சலுகைகளை ஒரே சமயத்தில் நிறுத்திக்கொண்டன.

சுவருக்குப் பின்னால் போன சர்வர்

2008-ல் டான் கமின்ஸ்கி கண்டுபிடித்த ஓட்டை, கேஷ் வைக்கும் எல்லா நேம் சர்வர்களையும் உலுக்கியது. நேம் சர்வர் வெளியே கேள்வி அனுப்பும்போது அதில் 16 பிட் எண் ஒன்றைப் போடும். விடையில் அதே எண் இருந்தால்தான் ஏற்கும். எண்ணிக்கை 65,536 மட்டுமே. உண்மையான விடை வருமுன் மளமளவென்று போலி விடைகளை அனுப்பி எண்ணை ஊகித்துவிட்டால், பொய் முகவரி கேஷில் ஏறிவிடும். ஊகம் தவறினால் அடுத்த வாய்ப்புக்கு ஆயுள் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் அதுவரை இருந்த தைரியம். இல்லாத துணைப்பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கவைத்தால் காத்திருக்கவே வேண்டாம் என்று கமின்ஸ்கி காட்டினார்.

மென்பொருள் நிறுவனங்கள் பலவும் ரகசியமாகக் கூடிப் பேசி, ஜூலை 8 அன்று ஒரே நாளில் திருத்தங்களை வெளியிட்டன. திருத்தம் எளியது. ஒவ்வொரு கேள்வியையும் வெவ்வேறு போர்ட்டிலிருந்து அனுப்ப வேண்டும். ஊகிக்க வேண்டியது இப்போது எண்ணும் போர்ட்டும். வாய்ப்புகள் 400 கோடியை நெருங்கின. டேனியல் பெர்ன்ஸ்டைனின் டிஜேபிடிஎன்எஸ் நேம் சர்வர் இதை முன்பே செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஃபயர்வால்கள் காலை வாரின. உள்ளேயுள்ள பல கணினிகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் மறைக்கும் கருவி, போர்ட் எண்களையும் மாற்றி எழுதும். அவற்றில் பல, புதிய போர்ட்டுகளை வரிசையாக 1025, 1026, 1027 என்று கொடுத்தன. நேம் சர்வர் கவனமாகக் குலுக்கிப் போட்ட எண்ணை வாசலில் நிற்கும் பெட்டி வரிசைப்படுத்தி வெளியே அனுப்பியது. திருத்தம் செய்தும் பயனில்லை.

ஃபயர்வாலாக வாசலில் நின்றவரை பிஎஃப்சென்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் நேம் சர்வர் வெளிமுகவரியிலிருந்தே கேட்கும், பிஎஃப்பும் போர்ட்டுகளைக் குலுக்கியே கொடுக்கும். சுவரைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து வைத்ததும் அது வேறொரு ரவுட்டருக்குப் பின்னால் வந்துவிடுகிறது. இனி அந்த ரவுட்டர் எப்படிக் குலுக்குகிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை இயக்கி வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். 2010 ஜூலை 15 முதல் ரூட்டே கையெழுத்திடப்பட்டிருப்பதால், கையெழுத்துள்ள பெயர்களுக்குப் போலி விடை வந்தாலும் சரிபார்ப்பில் சிக்கிவிடும்.

மணி தெரியாத பெட்டி

கையெழுத்துச் சரிபார்ப்பு சின்னப் போர்டுகளை இன்னொரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. செல்லுமா என்று பார்க்க, பெட்டிக்கு இன்றைய தேதி தெரிய வேண்டும். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் கடிகாரத்துக்குப் பேட்டரி இருக்காது. கரண்ட் போய் வந்தால் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். எனவே எல்லாக் கையெழுத்தும் இன்னும் தொடங்காத கையெழுத்தாகத் தோன்றும்.

சரியான நேரத்தை இணையத்தில் இருக்கும் நேர சர்வரிடம் கேட்கலாம். ஆனால் அந்த நேர சர்வரும் ஒரு பெயர்தான். பெயருக்கு முகவரி வேண்டுமானால் நேம் சர்வரைக் கேட்க வேண்டும். நேம் சர்வரோ மணி தெரியாமல் எந்த விடையையும் நம்ப மறுத்துக்கொண்டிருக்கிறது. திரையில் வருவது 'சர்வ்ஃபெயில்' என்ற ஒற்றைச் சொல் மட்டும், கடிகாரத்தைப் பற்றி அது மூச்சே விடாது. கேபிளை மாற்றி, இணைய நிறுவனத்தைத் திட்டி, கடைசியில்தான் தேதியைப் பார்ப்பார்கள்.

தீர்வுகள் மூன்று. ஒரு நாணய பேட்டரி. அல்லது நேர சர்வரைப் பெயரால் அல்லாமல் எண் முகவரியால் குறிப்பது. அல்லது அந்த ஒரு பெயருக்கு மட்டும் கையெழுத்தைப் பார்க்காதே என்று அன்பவுண்டுக்குச் சொல்வது.

இன்றைய நிலை

மோனோவால் 2015 பிப்ரவரி 15 அன்று, முதல் வெளியீட்டுக்குச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து நிறுத்தப்பட்டது. அதன் பயனர்களுக்கு, அப்போதுதான் பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்திருந்த ஓபிஎன்சென்ஸைக் காஸ்பர் பரிந்துரைத்தார். பிஎஃப்சென்ஸ் 2017-ல் வந்த 2.4 பதிப்போடு 32 பிட் எக்ஸ்86 பிராசசர்களைக் கைவிட்டது. அலிக்ஸ் போர்டுகளுக்கு அதோடு கதவு மூடியது. சோக்ரிஸும் அதே ஆண்டில் கடையைச் சாத்தியது. 12 எம்பியில் தொடங்கிய வம்சம் இன்று கிகாபைட்டுகளில் இடம் கேட்கிறது. பெயர் வேலைக்கு மட்டும் பெட்டி வேண்டியவர்கள் பெரும்பாலும் ராஸ்பெரி பை போர்டில் அன்பவுண்டை மட்டுமோ, விளம்பரத் தளங்களின் பெயர்களை மறிக்கும் பை-ஹோலையோ ஓட்டுகிறார்கள். பை-ஹோலின் உள்ளேயும் டிஎன்எஸ்மாஸ்கின் ஒரு வடிவம்தான் இருக்கிறது.

பெட்டி மாறினாலும் ஒரு சிக்கல் பொதுவானது. எல்லாக் கருவியும் உள்ளூர் நேம் சர்வரைக் கேட்கும் என்ற உறுதி இன்று இல்லை. 2020 பிப்ரவரியில் மொசில்லா, அமெரிக்கப் பயனர்களின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி பெயர்க் கேள்விகளை மறைகுறியாக்கி நேரே வெளிச் சர்வருக்கு அனுப்பும்படி மாற்றத் தொடங்கியது. வீட்டு நெட்வொர்க்குக்காக ஒரு விதிவிலக்கையும் வைத்தது. 'யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட்' என்ற பெயர் இல்லை என்று உள்ளூர் நேம் சர்வர் சொன்னால், ஃபயர்ஃபாக்ஸ் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திக்கொள்ளும். அன்பவுண்டின் அமைப்பில் அதற்கு ஒரு வரி போதும். பயனரே விரும்பி அந்த வசதியை இயக்கியிருந்தால் அந்த வரி எதையும் மாற்றாது.

கூகுளின் 8.8.8.8 முகவரியைப் பிறவியிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வரும் டிவிகளும் கருவிகளும் வேறு ரகம். ரவுட்டர் சொல்லும் முகவரியை அவை காதில் போட்டுக்கொள்வதில்லை. கேபிளின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் நேம் சர்வரின் வழியாக அவற்றின் பாக்கெட்டுகள் போவதே இல்லை, ஆகவே அதனால் தடுக்கவும் முடியாது. வாசலில் இருக்கும் ரவுட்டரில்தான் விதி எழுத வேண்டும். வெளியே 53-ஆம் போர்ட்டுக்குப் போக இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் அனுமதி, வேறு யார் கேட்டாலும் கேள்வியைத் திருப்பி இதற்கே அனுப்பு என்பது அந்த விதி. அதற்குப் பிறகும் 443-ஆம் போர்ட்டில் சாதாரண வலைப் போக்குவரத்தோடு கலந்து போகும் மறைகுறிக் கேள்விகள் அந்த விதியின் கண்ணில் படுவதில்லை.